கங்காரு ஓடையும் கல்லூரிக் கிணறும்

சென்ற செப்ரெம்பர் மாதம், சிட்னியில் வாழும் எம் வகுப்புத் தோழர் நால்வர் ஹீத்கோட் புகையிரத நிலையத்தில் இறங்கி, தாரவல் எனும் ஆதிக்குடி மக்களின் பூர்வீக நிலத்தில் 1879ஆம் ஆண்டு பிரகடனப்படுத்தப்பட்ட ரோயல் தேசியப் பூங்காவினுள், கங்காரு ஓடையின் கார்லூ மடுவரை நடந்து சென்றோம். போய்வர ஏறத்தாழ 5 கிலோமீற்றர்தான். எனினும் திரும்பும் வழியின் ஏற்றம் எங்கள் வயதுக்குக் கடினமானது என்பதை எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்க உறுப்பினர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

யூக்கலிப்டஸ் மரங்களினூடே இறங்கி ஓடையை அடைந்ததும், நால்வரும் பேச்சற்று நின்றோம். தேன்நிற மணற்பாறைகள் படிபடியாகச் சரிய, அவற்றின்மேல் மெல்லிய தகடாக வழிந்த நீர், கீழே பச்சை நிற மடுவில் கலந்துகொண்டிருந்தது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை அன்றி வேறு ஆறறியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு, கோடை நெருங்கும் வேளையிலும் கல்லின்மேல் நீர் ஓடுவது இன்றும் புதுமையே.

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் புவியியல் ஆசிரியர், நமது குடாநாட்டில் ஆறு ஏன் இல்லை என்று ஒருவன் கேட்டதற்கு, புத்தகத்தை மூடிவிட்டு எங்களைக் கல்லூரிக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றார். கட்டுக்குக் கீழே வெட்டப்பட்டிருந்த சுண்ணாம்புக் கல்லில், தேனடையில் போலத் துளைகள் இருந்தன. மழைநீர் அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து உள்ளே இறங்கிவிடுகிறது என்று விளக்கியவர், "எங்கட ஆறு நிலத்துக்குக் கீழை ஓடுது, தம்பி" என்றார். அந்தக் குரலை இன்றும் கேட்கிறேன். பரீட்சைக்காக அன்று மனனம் செய்த பாடத்தின் மறுபாதியைக் கங்காரு ஓடையில்தான் கண்டேன். மணற்பாறை சுண்ணாம்பைப்போல் மழையில் கரைவதில்லை. ஆகவே நீர் மேலாகவே ஓடி, தன் வழியை அரைத்தே அமைக்க வேண்டியிருக்கிறது.

அந்த அரைப்பின் அடையாளத்தைத் தோழர் ஒருவர் காட்டினார். ஓடைப் படுக்கையில், நம் வீட்டு ஆட்டுக்கல்லின் குழியளவில் வட்டமான ஒரு பள்ளம். அதனுள் நான்கைந்து கூழாங்கற்கள். வெள்ளம் வரும்போதெல்லாம் சுழல் அவற்றைச் சுற்றிச் சுற்றி உருட்ட, பாறை குடைந்துகொண்டே போகிறது. கையை விட்டுத் தடவினேன். உட்சுவர் வழுவழுப்பாகவும் குளிர்ந்தும் இருந்தது. கல்லொன்றை எடுத்து நால்வரும் கைமாற்றிப் பார்த்தபின், அதே குழியில் திரும்ப வைத்துவிட்டு, மடுவில் கால் நனைத்தபடி ஆசிரியரைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.