கைரேகைப் பூட்டு: முதலில் பின் எண்ணை மாற்றுங்கள்

கைரேகையைப் பதியும் முன், போனைத் திறக்கும் பின் (PIN) எண்ணை மாற்றுங்கள். போனை அணைத்துத் திறந்தாலும், விரல் பலமுறை பொருந்தாமல் போனாலும் பின் எண்ணைத்தான் கேட்கும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படியும் கேட்கும். அங்கே 1234 இருந்தால் விரல் வைத்தும் பயனில்லை. 6 இலக்கமாவது போடுங்கள். பிறந்த தேதி வேண்டவே வேண்டாம்.

அடுத்து ஸ்கிரீன் கார்டு, அதாவது திரையின் மேல் ஒட்டும் பாதுகாப்புக் கண்ணாடி. ஒட்டிய பிறகுதான் விரலைப் பதிய வேண்டும். திரைக்குள் இருக்கும் ஆப்டிகல் சென்சார் திரையின் வெளிச்சத்தில் விரலைப் படம் பிடிக்கிறது. தடித்த கண்ணாடி அந்தப் படத்தை மங்கலாக்கும். ஒலி அலையால் ரேகையைப் படிக்கும் அல்ட்ராசோனிக் சென்சாருக்குக் கண்ணாடிக்கு அடியில் காற்று இடைவெளி இருந்தாலே சிக்கல், ஒலி அதைக் கடந்து போகாது. 2019இல் சாம்சங் கேலக்ஸி எஸ்10 போன்களில் திரையை மூடும் சிலிகோன் உறை போட்டபோது பதியாத விரலுக்கும் பூட்டு திறந்தது. பிறகு மென்பொருள் அப்டேட்டில் சரிசெய்தார்கள். அதனால் புது கார்டு ஒட்டினால் பழைய பதிவை அழித்துவிட்டு மறுபடி பதியுங்கள். பிறகு பதியாத விரலை வைத்துச் சோதிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பதியும்போது கை கழுவி, ஈரம் போகத் துடைத்திருக்க வேண்டும். பலரும் விரலின் நடுப்பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப வைக்கிறார்கள். அன்றாடம் போனைப் பிடிக்கிற மாதிரியே பிடித்து, நுனியையும் இரு ஓரங்களையும் வையுங்கள். பாத்திரம் கழுவுவது, சிமென்ட் வேலை போன்றவற்றால் ரேகை தேய்ந்தவர்கள் அதே கட்டைவிரலை இரண்டு தடவை பதிந்தால் நன்றாகப் பிடிக்கும். அல்லது அதிகம் தேயாத மோதிர விரலைப் பதியலாம். இடம் இருக்கிறதே என்று ஐந்து விரலையும் நிரப்ப வேண்டாம். ஆப்பிளின் கணக்குப்படி அதன் கைரேகைப் பூட்டான டச் ஐடியில் ஒரு விரல் பதிந்திருந்தால் வேறொருவர் விரல் தவறாகப் பொருந்தும் வாய்ப்பு 50,000இல் ஒன்று. ஐந்து விரல் என்றால் 10,000இல் ஒன்று.

வங்கிச் செயலி திடீரென்று கைரேகையை ஏற்காமல் கடவுச்சொல் கேட்கிறதா? புதிதாக விரல் சேர்த்தால் பல செயலிகள் அப்படிக் கேட்கும். நீங்கள் எதுவும் சேர்க்கவில்லை என்றால் உடனே செட்டிங்ஸில் கைரேகைப் பட்டியலைப் பாருங்கள். தெரியாத பதிவு இருந்தால் அதை அழித்து, பின் எண்ணையும் மாற்றுங்கள். விரலைச் சேர்த்தவருக்கு அந்த எண் தெரிந்திருக்கிறது.

தூங்கும்போது யாராவது விரலை எடுத்து வைத்துவிடுவார்களோ என்ற பயம் நியாயமானதுதான். ஆண்ட்ராய்டு 9 முதல், போனை அணைக்கப் போகும்போது வரும் பவர் மெனுவில் லாக்டவுன் வசதி உண்டு. சில போன்களில் செட்டிங்ஸில் போய் அதை இயக்க வேண்டும். அழுத்தினால், அடுத்து பின் எண் போட்டுத் திறக்கும்வரை கைரேகை வேலை செய்யாது.