ஓகே: 'சரி' மட்டும் போதாது

ஓகே என்றால் 'சரி' என்று மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் பாதி இடங்களில் இடறிவிடுவோம்.

முதலில், பெயரடையாக வரும்போது. 'தி மூவி வாஸ் ஓகே' என்றால் படம் நன்றாக இருந்தது என்று பொருளல்ல, சுமார்தான். ஒருவர் உழைத்துச் செய்ததை இப்படிச் சொன்னால் அவர் மனம் வாடும். 'குட்' என்றோ 'கிரேட்' என்றோ சொல்லுங்கள். அதே சொல், கீழே விழுந்தவரிடம் 'ஆர் யூ ஓகே?' என்று கேட்கும்போது 'அடிபடவில்லையே?' என்றாகிறது.

அதிகம் குழப்புவது இது: 'காபி வேண்டுமா?' என்று கேட்டால் 'ஐ ஆம் ஓகே, தேங்க்ஸ்' என்பார்கள். அது மறுப்பு. சம்மதம் என்று நினைத்துக் கோப்பையை நீட்டிவிடாதீர்கள்.

வினைச்சொல்லாகவும் வரும். 'ஷி ஓகேட் தி பிளான்' என்றால் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தார். அலுவல் கடிதத்தில் இதைத் தவிர்த்து 'அப்ரூவ்ட்' என்று எழுதுவதே நல்லது.

பேச்சின் தொடக்கத்தில் வரும் 'ஓகே, ஸோ...' எதற்கும் சம்மதம் சொல்வதில்லை, 'அடுத்த விஷயத்துக்குப் போவோம்' என்கிறது. குறுஞ்செய்தியில் 'கே' என்று ஒற்றை எழுத்தை மட்டும் அனுப்பினால் பலருக்குக் கோபமாகவே படும்.

பிறப்பும் சுவையானது. 'ஆல் கரெக்ட்' (எல்லாம் சரி) என்பதை வேடிக்கைக்காக 'oll korrect' என்று பிழையாக எழுதி, அதன் முதலெழுத்துகளைச் சுருக்கினார்கள். 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் நாளிதழ் ஒன்றில் அது அச்சேறியது.