சார்ஜர் கேட்ட லாகின்

உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ஒரு மின்சார கார் சார்ஜிங் நிலையம். சார்ஜர் கன்னைக் காரில் செருகியதும் சார்ஜரின் திரை இருண்டுபோனது.

அப்புறம் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடின. கடைசியில் 'லாகின்:' என்று கேட்டபடி நின்றுவிட்டது.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டரா தம்பி இது?"

கம்ப்யூட்டரேதான் அண்ணே.

2022 பிப்ரவரியில் மாஸ்கோ - பீட்டர்ஸ்பர்க் எம்-11 நெடுஞ்சாலையில் சார்ஜர்கள் ஹேக் செய்யப்பட்டுப் படுத்துக்கொண்டன. திரையில் புதினைத் திட்டி வாசகங்கள் வேறு! முக்கிய பாகங்கள் உக்ரைன் நிறுவனத்துடையவை, வெளியிலிருந்து நுழைய உள்ளே ரகசியப் பின்வாசல் வைத்திருந்தார்கள் என்றது ரஷ்ய மின் நிறுவனம்.

தயாரிப்பாளர் அனுப்பியதுதானா என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்காமல் ஃபர்ம்வேரை (உள்ளே ஓடும் மென்பொருளை) ஏற்கும் சார்ஜர் பெட்டிக்குப் பின்வாசல்கூடத் தேவையில்லை. முன்வாசலே திறந்துதான் கிடக்கிறது.

பத்து நிமிடத்தில் திரை தானாகச் சரியானது. நான்தான் 42 சதவீதத்திலேயே பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.