திங்கட்கிழமைப் பலகை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மற்ற நாட்களில் பள்ளிப் பிள்ளைகளின் ப்ராஜெக்டும் ஆதார் நகலும்தான் பிழைப்பு. திங்கட்கிழமை மட்டும் கதை வேறு. அன்றைக்குக் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். காட்டுமன்னார்கோயில், விருத்தாசலம், வேப்பூர் என்று முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள் ஒன்பது மணிக்கே வாசலில் நிற்பார்கள். கையில் மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் குடும்பத்தின் மொத்தச் சரித்திரம்.

மனு எழுதித் தர முப்பது ரூபாய் வாங்குகிறேன். அனுப்புநர், பெறுநர் எல்லாம் எழுதிவிட்டு, ‘பொருள்’ என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தி, “என்ன வேணும், ஒரே வரியில சொல்லுங்க” என்பேன். ஒரே வரியில் இதுவரை யாரும் சொன்னதில்லை. மாமனார் காலத்துப் பாகப்பிரிவினையில் ஆரம்பித்து, பங்காளி சண்டை, வெட்டிப் போட்ட முருங்கை மரம் எல்லாம் தாண்டிக் கடைசியில் வரும்: “அதான் தம்பி, பட்டாவுல பேர் மாத்தணும்.” அதற்கு முதலில் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டிருக்கலாம். ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் விட்டுவிட்டு வந்தவரிடம் இதைச் சொல்லும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது.

அதற்காகத்தான் பலகை. மூடிப்போன ஒரு ட்யூஷன் சென்டரின் கரும்பலகை பழைய இரும்புக் கடையில் கிடந்தது. இருநூற்றைம்பதுக்கு வாங்கிக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை, அன்றைய சங்கதியை எழுதுவது. எந்தப் பக்கம் மின்நிறுத்தம், எந்த வார்டுக்கு எந்த மண்டபத்தில் முகாம், வரி கட்டக் கடைசித் தேதி எது. பேப்பரின் உள்ளூர்ப் பக்கம், வார்டு வாட்ஸ்அப் குழு, தெருவில் ஆட்டோவில் கட்டிய மைக் என்று மூன்றிலும் கேட்டுத்தான் எழுதுவேன். முன்பு கிராமங்களில் தண்டோரா இருந்தது. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதி அதை நிறுத்தச் சொன்னார். நல்ல காரியம். பறை தூக்கி நின்ற மனிதரை ஊர் எப்படிக் கூப்பிடும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் ஆட்டோ மைக் நம் தெருவைத் தாண்டும்போது காதில் விழுவது “...அனைவரும் தவறாமல்...” மட்டும்தான். எதைத் தவறாமல் என்பது அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

பலகையில் அதிகம் பேர் நின்று படித்தது சொத்துவரி விஷயம். அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதத்துக்கு ஒரு சதவீதம் தண்டம். இதை எழுதிய அன்று எதிர்க்கடை டீ மாஸ்டர், “முனிசிபாலிட்டியே தள்ளுபடி போடுதா, ஆடி மாசம் மாதிரி?” என்றார். கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆகி, 2022 பிப்ரவரியில் 45 வார்டுக்கும் ஓட்டுப் போட்டு மேயரும் வந்தாயிற்று. எங்கள் வாயில் மட்டும் இன்னும் முனிசிபாலிட்டிதான்.

2025 ஜூலை 15-ல் சிதம்பரத்தில், அரசுத் துறைகள் ஒரே இடத்தில் மனு வாங்கும் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம் தொடங்கியபோது பலகைக்குக் கூட்டமே வந்தது. நகரத்தில் 13 துறை, 43 சேவை. எனக்குத் தெரிந்து அதில் 42-ஐ யாரும் விசாரிக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கேட்டது மகளிர் உரிமைத்தொகை.

சரி, பலகையால் வந்த வினையையும் சொல்லிவிடுகிறேன்.

முதுநகர் துறைமுகத்தில் மீன் அரியும் ஒரு அக்கா. கம்மியம்பேட்டையில் வீடு. அவர் அப்பா பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வங்கிக் கணக்கை முடிக்க இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள், எங்கே வாங்குவது என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. “நம்ம மாநகராட்சி ஆபீஸ்தான்க்கா” என்றேன். அதோடு விட்டேனா, கெட்டிக்காரன் மாதிரி பலகையிலும் எழுதினேன்: இறப்புச் சான்றிதழ், மாநகராட்சி அலுவலகம், காலை பத்து மணி முதல்.

மதியம் இரண்டு மணிக்குத் திரும்பி வந்தார். அரை நாள் வரிசையில் நின்று அவர் தெரிந்துகொண்டது இதுதான்: இறந்தவர் எந்த ஊர்க்காரர் என்பது கணக்கில்லை, உயிர் எங்கே போனதோ அங்கேதான் பதிவு. ஜிப்மர் இருக்கிற கோரிமேடு உழவர்கரை நகராட்சியில் வருகிறது. அதனால் அங்கே போக வேண்டும். பிறப்புக்கும் இதே சட்டம்தான், 1969-ல் போட்டது. கடலூர்க்காரர்களில் எத்தனையோ பேர் பிரசவத்துக்கும் பெரிய வியாதிக்கும் பாண்டிக்குத்தான் ஓடுகிறோம். பன்னிரண்டு வருடமாக மனு எழுதுகிறவனுக்கு இது தெரியவில்லை.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு, “செத்தது பாண்டியில, இருந்தது இங்க. ரெண்டுல எதைக் கேப்பாங்கன்னு எனக்கும் தோணலியே தம்பி” என்றார். அன்றைய அரிவாள்மனைக் கூலி போயிற்று. எழுதியதை அவர் எதிரிலேயே அழித்தேன். மஞ்சள் சாக்பீஸால் மேல் மூலையில் எழுதினேன்: ‘பிறப்பு, இறப்புச் சான்று: சம்பவம் நடந்த ஊரில் மட்டும். வீட்டு விலாசம் செல்லாது.’ அந்த மூலையை இன்றுவரை அழிக்கவில்லை.

எல்லைக் கதைகள் இன்னும் உண்டு. பாகூரிலிருந்து ஒரு பெரியவர் அடிக்கடி வருவார். அவர் ஊர் புதுச்சேரி, கொம்யூன் பஞ்சாயத்து, அதாவது பல கிராமங்களைச் சேர்த்த உள்ளாட்சி. தெருவிளக்கு எரியவில்லை, மனு எழுது என்றார். “கவுன்சிலர்கிட்ட சொன்னீங்களா ஐயா?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். சிரித்தார். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 2006-ல் நடந்தது. அதற்கு முன்னால் 1968. 2006-ல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது; அதன்பின் தேர்தலே நடக்கவில்லை. “பல்பு போனாலும் எம்.எல்.ஏ. வீட்டுக்குத்தான் போவணும். அங்க போனா கல்யாணப் பத்திரிகை வெக்க வந்தவன் நமக்கு முன்னாடி நிப்பான்” என்றார். எங்கள் வார்டு கவுன்சிலரைப் பற்றி எனக்கும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஆனால் வண்டியை மறித்து நிறுத்திக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார். அந்தப் பெரியவருக்கு அதுகூட இல்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களும் சிரிக்க முடியாது. 2025 ஜனவரியில் பஞ்சாயத்துத் தலைவர்களின் காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள்.

பலகையில் எழுதாமல் விட்ட ஒன்றும் உறுத்துகிறது. 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள். மழைக்குப் பயந்து பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். அன்று நள்ளிரவு தாண்டிச் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். தென்பெண்ணை கரை தாண்டியது. குண்டுஉப்பலவாடியிலிருந்து வரும் என் பால்காரர் மாட்டைக் கட்டிய கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நின்றாராம். மாடு படியில் பாதி வரைதான் ஏறியதாம். பலகை வெளியே இருந்தாலும் நடுராத்திரியில் யார் படித்திருப்பார்கள்? தெரிந்தும் உறுத்துகிறது.

அந்த மீன் அரியும் அக்கா இப்போதும் திங்கட்கிழமைகளில் இந்தப் பக்கமாகப் போவார். அவருக்குப் படிக்க வராது. “இன்னிக்கு என்ன போட்டிருக்க?” என்று கேட்பார். நான் வாசித்ததும், “யார்கிட்ட கேட்டு எழுதின?” என்று அடுத்த கேள்வி வரும். பதில் சரியாக இருந்தால்தான் துறைமுகத்தில் போய்ச் சொல்வாராம். போன வாரம் மின்நிறுத்தத்துக்குப் பேப்பரை எடுத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். இந்த மழைக்கு முன்னால் பலகைக்கு மேல் ஒரு தகரம் அடிக்க வேண்டும், கொல்லனிடம் சொல்லியிருக்கிறேன்.