உங்க இடத்துல இருந்தா

"நீங்க என் இடத்துல இருந்தா இந்தப் பணத்தைப் போடுவீங்களா?" என்று கேட்டார். "கண்டிப்பா போடுவேன் சார்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. ஒப்பந்தத் தாள்களை மேசையில் தட்டி ஓரம் சேர்த்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சத்தம்கூட இன்னும் காதில் இருக்கிறது.

ஓய்வு பெற்றவர். எட்டு வருடமாக எங்களிடம்தான் துணி போடுவார். சலவைக் கடையைப் பிரான்சைஸ் ஆக்கலாம், அதாவது என் கடைப் பெயரிலும் முறையிலும் மற்றவர்கள் தங்கள் பணத்தில் கடை நடத்த உரிமை கொடுக்கலாம் என்று நான் முடிவெடுத்ததும் முதலில் வந்து கேட்டவர் அவர்தான். அவர் கேட்ட மூன்றாம் நாள் கையெழுத்து, பதினாலாவது மாதம் கடை மூடல். நடுவில் நடந்ததை எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. கடை நடத்தியவர்களுக்குத் தெரியும்.

நான் பொய் சொல்லவில்லை. இதை எனக்கு நானே பல முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த நிமிடம் அதை முழுதாக நம்பித்தான் சொன்னேன். காட்டிய கணக்கும் உண்மையான கணக்கு, மூன்று வருட வரவு செலவு, ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் வாடகை என்று ஒரு வரியே கிடையாது, ஏனென்றால் கட்டடம் என் சொந்தம். காலை ஏழு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை கல்லாவில் நின்ற எனக்குச் சம்பளமும் அதில் இல்லை, நான் எழுதிக்கொண்டதே இல்லை. அவருக்கு வாடகையும் உண்டு, கல்லாவில் வைக்கும் ஆளுக்குச் சம்பளமும் உண்டு, அதற்கு மேல், என் பெயரையும் முறையையும் பயன்படுத்துவதற்காக மாதாமாதம் எனக்குத் தர வேண்டிய ராயல்டி. லாபம் என்று நான் பெருமையாகக் காட்டியதில் பெரும்பகுதி என் கட்டடத்தின் வாடகையும் என் உழைப்பின் கூலியும்தான். அவர் கேட்டதே "என் இடத்துல இருந்தா" என்றுதானே. நான் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்லிவிட்டேன்.

ராயல்டி விற்பனையில் 6 சதவீதம். லாபத்தில் இல்லை, விற்பனையில். பெரும்பாலான பிரான்சைஸ்களில் இப்படித்தான், விற்பனையைச் சரிபார்ப்பது சுலபம், லாபக் கணக்கில் எதை வேண்டுமானாலும் செலவாக எழுதிவிடலாம் என்பதால். காரணம் நியாயமானதுதான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவர் கைக்காசு போட்டுச் சம்பளம் கொடுத்த மாதங்களிலும் எனக்கு ஐந்தாம் தேதி பணம் வந்துவிட்டது. நானும் வாங்கிக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அறுபது பக்கத்துக்குச் செயல்முறைக் கையேடு எழுதினோம். ரத்தக் கறைக்கு முதலில் குளிர்ந்த தண்ணீர், சுடுதண்ணீர் பட்டால் கறை துணியிலேயே பிடித்துக்கொள்ளும். சாயம் போகுமா என்று பார்க்க, உள்தையலில் மருந்தைத் தொட்டு வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்க்க வேண்டும். எல்லாம் எழுதினோம். எங்களிடம் கறை எடுக்கும் அக்காவை உட்கார வைத்து, "எவ்வளவு நேரம் ஊற வைக்கணும் அக்கா?" என்று கேட்டேன். அவர் சட்டையின் நனைந்த ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிக் காட்டி, "இந்த வழவழப்பு போற வரைக்கும்" என்றார். நான் "10 நிமிடம்" என்று எழுதிக்கொண்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் என் பெயருக்கு வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன், அந்த விரல்களுக்கு வந்த கூட்டம் அது.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன், முன்னாலேயே படித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1979-லிருந்தே பிரான்சைஸ் விற்பதற்குத் தனி விதி இருக்கிறது. இப்போதுள்ள விதிப்படி கையெழுத்துக்கோ பணம் வாங்குவதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன்னால் 23 தலைப்புகள் கொண்ட ஓர் ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். இவ்வளவு சம்பாதிக்கலாம் என்று சொல்வதானால் அதை ஆதாரத்தோடு 19-ஆவது தலைப்பில் எழுதியிருக்க வேண்டும். எத்தனை கடை மூடின, விலகியவர்கள் யார் என்பது 20-ஆவது தலைப்பு. அந்த 14 நாட்கள் அவருக்குக் கிடைத்திருந்தால் யாராவது ஒரு கணக்கர் தாளைப் பார்த்து "வாடகை எங்கே?" என்று கேட்டிருப்பார். நான் கொடுத்தது மூன்று நாள். அவர்தான் அவசரப்பட்டார் என்பதும் உண்மை. நான் தடுக்கவில்லை என்பதும் உண்மை.

மனம் தாங்காத நாட்களில் மார்த்தா மாடில்டா ஹார்ப்பரை நினைத்துக்கொள்வேன். வீட்டு வேலை செய்து பிழைத்த பெண், 1888-ல் அமெரிக்காவின் ராசெஸ்டரில் முடி அலங்கார நிலையம் தொடங்கினார், 1891-லிருந்து அதே முறையில் மற்ற ஊர்களிலும் கடை வைக்கப் பெண்களுக்கு உரிமை கொடுத்தார். தன்னைப் போல வீட்டு வேலை செய்தவர்களையே முதலில் தேர்ந்தெடுத்தார். அவர்களில் பலர் முதல்முறையாகச் சொந்தக் கடைக்காரர்கள் ஆனார்கள். அப்படியானால் இந்த வழியே தப்பு என்று சொல்ல முடியாது, இல்லையா? ஆனால் அவர் ஆட்களுக்குத் தன் முறையை ஊன்றிக் கற்றுக் கொடுத்தார். நான் ஆறு நாள் பயிற்சி கொடுத்தேன்.

கடை மூடியதும், அவர் ஆரம்பத்தில் எனக்குக் கட்டிய நுழைவுக் கட்டணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டியதில்லை. அவர் எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதில் பேசியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும்.

இப்போது வருபவர்களுக்கு வேறு தாள் கொடுக்கிறேன். வாடகை, கல்லாவில் நிற்பவரின் சம்பளம், ராயல்டி எல்லாம் கழித்த தாள். போன மாதம் ஒருவர் வந்தார், சுறுசுறுப்பான ஆள், கேள்விகளெல்லாம் சரியாகக் கேட்டார். தாளைப் பார்த்துவிட்டு, "நீங்களா இருந்தா போடுவீங்களா?" என்றார். "தெரியலைங்க" என்றேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. அன்று ராத்திரி முழுக்க எனக்கு எரிச்சல். அந்த ஆள் நடத்தியிருப்பார், நிச்சயமாக நடத்தியிருப்பார், நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றே தோன்றிக்கொண்டிருந்தது.