பழைய செமி ஆட்டோமேட்டிக் மெஷின்: மோட்டாரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் சர்க்யூட் போர்டு கிடையாது. தண்ணீரை வெளியே தள்ள பம்ப்பும் கிடையாது. இரண்டு மோட்டார், இரண்டு டைமர், ஒரு பெல்ட், ஒரு பிரேக், அவ்வளவுதான். அப்படியிருந்தும் மெஷின் நின்றால் முதலில் காதில் விழுவது "மோட்டார் போயிடுச்சு" என்பதுதான். மோட்டார் காயில் (கம்பிச் சுருள்) எரிந்தால் கருகல் வாடை அநேகமாகக் காட்டிக் கொடுத்துவிடும். வாடை இல்லையென்றால் மோட்டாரைக் கடைசியாகப் பாருங்கள்.

பிளக்கை உருவிய பிறகே பின்மூடியைக் கழற்ற வேண்டும். மோட்டார் கிளம்ப உதவும் கண்டென்சரில் அப்போதும் சார்ஜ் தங்கியிருக்கும். ஹோல்டரில் மாட்டிய பழைய 60 வாட் குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் முனைகளில் சில நொடி வைத்தால் இறங்கிவிடும். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடும் பழக்கம் வேண்டாம்.

வாஷ் பக்கம் சுற்றாமல் உறுமிக்கொண்டு நின்றால், பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். மோட்டார் தனியாக நன்றாகச் சுற்றினால் சிக்கல் மேலே இருக்கிறது: பல்சேட்டருக்கு (வாஷ் தொட்டியில் துணியைச் சுழற்றும் தட்டு) அடியில் சில்லறையோ, ஊக்கோ, நூல் கற்றையோ மாட்டியிருக்கும், அல்லது கியர் பாக்ஸ் இறுகியிருக்கும். பெல்ட் இல்லாமலும் உறுமினால் கண்டென்சரைப் பாருங்கள். வாஷ் பக்கத்துக்குப் பெரும்பாலும் 10 எம்எஃப்டியை (மைக்ரோஃபாரட், கண்டென்சரின் அளவு) ஒட்டியும், ஸ்பின் பக்கத்துக்கு அதில் பாதியை ஒட்டியும் இருக்கும்; பழையதன் மேல் அச்சிட்டிருக்கும் அளவையே வாங்குங்கள். மீட்டரில் 10க்கு 7 காட்டினால்கூட மாற்ற வேண்டியதுதான். அந்தக் கண்டென்சர் வெறும் தொட்டியைச் சுற்றும், துணி போட்டதும் திணறும்.

பல்சேட்டர் ஒரே பக்கம் மட்டும் சுற்றுகிறது, மறுபக்கம் வரும்போது சத்தமில்லாமல் நிற்கிறது என்றால் மோட்டார்மேல் பழி போடாதீர்கள். வாஷ் மோட்டாரில் ஒரே மாதிரி இரண்டு காயில்கள் இருக்கும். டைமர் ஒரு முறை முதல் காயிலுக்கு நேராக மின்சாரம் கொடுக்கும், அப்போது மற்றது கண்டென்சர் வழியாக ஓடும். அடுத்த முறை அப்படியே மாற்றிக் கொடுக்கும். திசை மாறுவது இதனால்தான். ஒரு காயில் அறுந்தாலும், கண்டென்சர் செத்தாலும் இரண்டு பக்கமும் கிளம்பாமல் உறுமும். ஒரு பக்கம் ஒழுங்காகச் சுற்றினாலே இரண்டு காயிலும் கண்டென்சரும் பிழைத்திருக்கின்றன என்று அர்த்தம். மிச்சமிருப்பது டைமரின் காண்டாக்ட், அதிலிருந்து வரும் ஒயர். ஒயர் நன்றாக இருந்தால், புது டைமர் போட்டால் தீர்ந்தது.

மீட்டரில் உறுதிசெய்ய, மோட்டாரின் மூன்று ஒயரையும் கழற்றி ஓம்ஸில் வையுங்கள். காமன் ஒயருக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே ஒரே அளவு வரும். அந்த இரண்டுக்கும் இடையே அதைப்போல இரு மடங்கு. எந்த ஒயருக்கும் மோட்டார் பாடிக்கும் தொடர்பு காட்டக் கூடாது. ஸ்பின் மோட்டார் ஒரே திசையில் ஓடுவதால் அதன் இரண்டு காயிலும் சமமாக இருக்க வேண்டியதில்லை. அதைப் பார்த்து மோட்டார் கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பெல்ட்டின் முதுகில் நம்பர் இருக்கும், அதைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். மோட்டாரின் போல்ட் ஓட்டைகள் நீளவாக்கில் இருப்பது டென்ஷன் வைக்கத்தான். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் உள்ளே போகட்டும். அதற்குமேல் இறுக்கினால் ஷாஃப்ட்டைத் (சுழலும் தண்டு) தாங்கும் புஷ் தேய்ந்து மோட்டார் சூடாகும். அடியில் கறுப்புத் தூள் கொட்டியிருந்தால் பெல்ட் வழுக்கிக்கொண்டிருக்கிறது.

அதிகம் பழுதாவது ஸ்பின் பக்கம். மூடியை மூடும்போது ஒரு கம்பி பிரேக் கட்டையை இழுத்து, தொட்டிக்கு அடியில் இருக்கும் பிரேக் டிரம்மை விடுவிக்கும், கூடவே ஸ்விட்ச்சும் சேரும். வருஷக்கணக்கில் கம்பி நீண்டுபோய்க் கட்டை முழுசாக விலகாது. மோட்டார் உரசியபடியே சுற்றும், சூடேறும், கடைசியில் நிற்கும். பிளக் இல்லாமல், மூடியை மூடி வைத்துக்கொண்டு, பின்பக்கமாகக் கையைவிட்டு டிரம்மைச் சுற்றிப் பாருங்கள். தட்டாமல் சுற்ற வேண்டும். தட்டினால் கம்பியை ஒரு கொக்கி ஏற்றி மாட்டுங்கள். பிறகு ஓடவிட்டு மூடியைத் திறந்தால் சில நொடிகளில் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் அதிகமாக இழுத்துவிட்டீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை அலட்சியமாக விடக் கூடாது.

ஸ்பின் மோட்டாரை உண்மையிலேயே கொல்வது தண்ணீர். தொட்டியின் அடியில் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அது கிழிந்தால் சோப்புத் தண்ணீர் நேராக மோட்டார் தலையில் சொட்டும். மாற்ற: 10 எம்எம் ஸ்பேனரால், மோட்டாரையும் தொட்டியின் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கின் மேல் போல்ட்டைத் தளர்த்தி, உள்தொட்டியை மேலே தூக்குங்கள். துரு பிடித்து வராவிட்டால் துரு இளக்கும் ஆயில் அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். சுத்தியல் எடுத்தால் தொட்டிதான் உடையும். பழைய சீலை உருவி, அது உட்கார்ந்த இடத்தின் உப்புப் படிவைச் சுரண்டி, புதியதன் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிப் பொருத்துங்கள். திரும்ப மாட்டும்போது போல்ட் முனை ஷாஃப்ட்டில் இருக்கும் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். மூடுமுன் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் டார்ச் அடித்துப் பாருங்கள்.

டிரெய்ன் ஹோஸையும் இதோடு சேர்த்துக் கவனியுங்கள். பம்ப் இல்லாததால் தண்ணீர் தானாகத்தான் இறங்க வேண்டும். ஹோஸைத் தூக்கித் தொட்டி விளிம்பில் போட்டாலோ, உள்ளே பஞ்சு அடைத்தாலோ, தண்ணீர் ஸ்பின் பக்கம் ஏறி அந்த ரப்பர் சீலை ஊறவைக்கும். வாஷ் தொட்டியில் தண்ணீர் நிற்காமல் ஒழுகினால் அது வேறு கதை: டிரெய்ன் வால்வின் ரப்பருக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே நூலோ பட்டனோ மாட்டியிருக்கும்.

போர் தண்ணீர் ஊர்களில் உப்புப் படிவைக் கரைக்க, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, தொட்டி நிறைய வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு ஓட்டி, ஒரு மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். பிளீச்சிங் பவுடரோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

தொட்டால் சுருக்கென்றால் மெஷினை அப்போதே நிறுத்துங்கள். மூன்று பின் பிளக்கின் பச்சை ஒயர் உண்மையிலேயே எர்த்துக்குப் போகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மின்கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஸ்விட்ச் இருந்தால் இன்னும் நல்லது. ஒயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அடித்தட்டு உடைந்த மெஷின் எலிக்கு வசதியான வீடு. கடித்த இடத்தில் வெறும் டேப் சுற்றினால் ஈரத்தில் கழன்றுவிடும். ஒயரை வெட்டி இணைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, அடியில் கம்பி வலை அடித்துவிடுங்கள்.