சமன்பாட்டுக்குள் இடைவெளி: அரையாண்டு வினாத்தாள் குறிப்புகள்

டிசம்பர் 2, அஸ்தம்பட்டி, சேலம்

பிளஸ் டூ கணக்கு வினாத்தாளில் டைப் அடிக்கிற நேரத்தைவிட இடைவெளி திருத்துகிற நேரம்தான் அதிகம். வேர்டில் ஆல்ட்டோடு சமக்குறியை அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். அதற்குள் ஸ்பேஸ்பாருக்கு வேறு வேலை: அதுவரை அடித்ததைப் பின்னமாகவோ அடுக்காகவோ கட்டி முடிப்பது. கட்டியதும் அந்த ஸ்பேஸ் காணாமல் போகும். மறுபடி தட்டினால்தான் வெற்றிடம் விழும், விழுந்தால் வம்பு. கூட்டல் குறிக்கு இருபுறமும் ஒரு எம்மில் (எழுத்தளவுக்குச் சமமான அகல அலகு) 4/18 பங்கு, சமக்குறிக்கு 5/18 பங்கு என்று வேர்டே விட்டுவிடுகிறது. 12 பாயின்ட் எழுத்தில் ஒரு எம் 12 பாயின்ட். அதற்கு மேல் கையால் தட்டிய ஸ்பேஸ் சேர்ந்தால் ஒரு வரி அகன்றும் அடுத்த வரி ஒடுங்கியும் நிற்கும். வந்த ஃபைலில் முதல் வேலை, அந்த ஸ்பேஸ்களை அழிப்பதுதான்.

டிசம்பர் 3

தொகையீடுகள். இங்கே மட்டும் கையால் இடம் விட்டே ஆகவேண்டும். தொகையீட்டின் கடைசியில் வரும் 'டிஎக்ஸ்' (dx) என்பதை வேர்டு இரண்டு மாறிகளின் பெருக்கலாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள சார்போடு ஒட்டிவிடும். பேக்ஸ்லாஷ் போட்டு டி, எச், ஐ, என், எஸ், பி அடித்து ஸ்பேஸ் தட்டினால் 3/18 எம், அதாவது 12 பாயின்ட்டில் 2 பாயின்ட் இடைவெளி விழும். அது போதும். வாத்தியார் புரூஃபில் "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்று எழுதினால், அதே பேக்ஸ்லாஷோடு எம், இ, டி, எஸ், பி அடித்தால் சற்றுப் பெரிய இடைவெளி விழும். அதற்கு மேல் போனால் டிஎக்ஸ் அநாதையாகத் தெரியும்.

டிசம்பர் 5

சார்பு ஒன்று, பெரிய அடைப்புக்குறி, மூன்று வரி, ஒவ்வொன்றிலும் 'எனில்'. பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு) அடித்த வரியைச் சமன்பாட்டுக்குள் ஒட்டியிருக்கிறார்கள். வேர்டு சமன்பாட்டுக்கு வைத்திருக்கும் கேம்ப்ரியா மேத் எழுத்துரு வந்து உட்கார்ந்ததும் 'எனில்' போய் வி, டி, பி, ஒய், அரைப்புள்ளி என்று சாய்ந்த ஆங்கில எழுத்துகள் நிற்கின்றன. இப்படிப்பட்ட கணக்குக்கு யூனிகோடு தவிர வேறு வழியில்லை. சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் அடித்தால் வேர்டு அதைச் சாதாரண உரையாக வைக்கும். சொல்லுக்கு முன்னால் வேண்டிய ஸ்பேஸையும் மேற்கோளுக்குள்ளேயே அடிக்கலாம்.

டிசம்பர் 6

அணிகள். நிரல்கள் நெருக்கமாக இருந்தால் அணியின் மேல் ரைட் கிளிக், மேட்ரிக்ஸ் ஸ்பேசிங். நிரை இடைவெளியும் நிரல் இடைவெளியும் தனித்தனியாக மாற்றலாம். உறுப்புகளுக்குள் ஸ்பேஸ் தட்டி அகலப்படுத்துவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

டிசம்பர் 9

பின்னத்தின் தலை வெட்டுப்படுகிறது என்று ஒரு தாள். காரணம் பத்தியின் வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' 14 பாயின்ட். அதை 'அட் லீஸ்ட்' ஆக்கியதும் பின்னம் முழுசாக வந்தது. இதற்கு நேர்மாறான தொல்லையும் அதே தாளில்: இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு முழம் இடம். அங்கே சமன்பாடே இல்லை. சாதாரண உரைக்கு யாரோ கேம்ப்ரியா மேத் கொடுத்திருக்கிறார்கள். உயரமான குறிகளுக்காக அந்த எழுத்துரு மேலும் கீழும் நிறைய இடம் பிடிக்கும். எழுத்துருவை மாற்றினால் சரி. பத்திக்குறியையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சமன்பாடு தனி வரியில் நின்றால் பெரிய பின்னம், உரை வரிக்குள் வந்தால் சிறிய பின்னம். தனி வரிதான், ஆனாலும் சுருங்கிவிட்டது என்றால் பெட்டிக்கு வெளியே ஒரு முற்றுப்புள்ளி கிடக்கிறதா என்று பாருங்கள். அதை உள்ளே தள்ளினால் விரிந்துவிடும்.

டிசம்பர் 11

வேர்டுக்குப் பதிலாக, லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளில் வந்த தாள். அங்கே சூத்திரம் அடிக்கும் கட்டளை வரியில் எத்தனை ஸ்பேஸ் தட்டினாலும் கணக்கில் வராது. எஸ்கேப் சாவிக்குக் கீழே உள்ள ` குறி சிறு இடைவெளி. ஷிஃப்டோடு அழுத்தினால் வரும் ~ பெரியது. ஒரு சூத்திரத்தின் இடைவெளிகளை மொத்தமாக மாற்ற ஃபார்மேட் மெனுவில் ஸ்பேசிங். அளவெல்லாம் எழுத்தளவின் சதவீதத்தில். 'டீஃபால்ட்' பொத்தானை அழுத்தினால் இனி புதிதாகப் போடுவதற்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே போட்ட சூத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்துதான் மாற்றவேண்டும்.

மாலையில் பத்தாம் வகுப்பு. ஏற்காட்டு மலை உயரம் 1,515 மீ என்று ஒரு முக்கோணவியல் கணக்கு. வேர்டு இலக்கங்களுக்கு நடுவே உள்ள காற்புள்ளிக்கு இடம் விடாது, ஆனால் காற்புள்ளிக்குப் பிறகு ஸ்பேஸ் விழுந்தால் 1 தனி, 515 தனி.